வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பட்டம் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. பள்ளிப்படிப்பு முடித்த கையோடு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பட்டம் கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் என் ஐந்து மாதச் சம்பளம். கையில் 18 மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. மாதா மாதம் சம்பளத்தில் 60 சதவீதம் வீட்டுச் செலவுக்குப் போகிறது, 25 சதவீதம் சேமிக்கிறேன். மீதிக் குடும்பச் செலவைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். மூன்று வயதில் ஒரு குழந்தை. வங்கி முழுத் தொகையும் 10 சதவீத வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறது. ஓய்வுக்கால நிதியை எடுத்துப் படிக்கலாம் என்கிறார் கணவர். வேலையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் கணிதப் பட்டம் வாங்கு, ஆண்டுக்கு இரண்டு மாதச் சம்பளம்தான் செலவு என்கிறாள் தோழி. ஆசிரியராகச் சேர்ந்தால் தொடக்கத்தில் இப்போது வாங்குவதைவிட நூற்றுக்கு 25 கூடக் கிடைக்கும். எது சரி?

(வாசகி எழுதிய தொகைகளை அவருடைய மாதச் சம்பளக் கணக்கில் மாற்றியிருக்கிறேன். படிப்பவர்கள் தங்கள் சம்பளத்தை வைத்துப் போட்டுப்பார்க்க வசதியாக இருக்கும்.)

பதில்: ஆசிரியராகுங்கள். 28 வயது ஒன்றும் தாமதம் இல்லை. ஆனால் இந்த வழியில் வேண்டாம். உங்கள் தோழி சொல்வதே, சில நிபந்தனைகளோடு, உங்களுக்குப் பொருந்துகிறது.

படிப்புக்கு எவ்வளவு ஆகும் என்று யாரைக் கேட்டாலும் கட்டணத்தைத்தான் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் நான்கு ஆண்டுக் கட்டணம் 20 மாதச் சம்பளம். அதே நான்கு ஆண்டில் வீட்டுச் செலவில் உங்கள் பங்கு ஏறக்குறைய 29 மாதச் சம்பளம். ஆக, கட்டணத்தைவிடச் சாப்பாடும் வாடகையும் பெரிய தொகை. இரண்டும் சேர்ந்து 49. சேமிப்பு 18-இல் நான்கையாவது அவசரத்துக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தொடக் கூடாது. மீதி 14. பற்றாக்குறை 35 மாதச் சம்பளம், அவ்வளவும் கடன்.

படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லியிருக்கும். வட்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் ஆண்டைச் சேமிப்பில் ஓட்டிவிட்டு இரண்டாம் ஆண்டிலிருந்து கடன் வாங்கினாலும், படிப்பு முடியும்போது 35 என்பது 40-ஐ நெருங்கிவிடும். அதைப் பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை இன்றைய சம்பளத்தில் பாதிக்கும் சற்று மேல். ஆசிரியையாக வாங்கப்போகும் சம்பளத்தில் 42 சதவீதம். தவணையும் வீட்டுச் செலவும் போக உங்கள் கையில் நிற்பது, இன்று மாதம் தவறாமல் சேமிக்கிறீர்களே, அதில் பாதிகூட இல்லை. அந்த நிலை 42 வயது வரை.

ஆசிரியர் சம்பளம் பெரும்பாலும் படிப்படியாக, முன்கூட்டியே தெரிந்த அளவில் ஏறுவது. அதுதான் அதன் பலம். கடன் வாங்கும்போது அதுவே வரம்பும் ஆகிறது. சில தொழில்களில் ஐந்தாறு ஆண்டில் சம்பளம் இரண்டு மடங்காகும் என்று நம்பிப் பெரிய கடன் வாங்குகிறார்கள். பள்ளியில் அந்த நம்பிக்கைக்கு இடம் குறைவு. புதிதாகச் சேரும் ஆசிரியருக்குக் கல்விக் கடன் தவணை கைக்கு வரும் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. 42 சதவீதம் அதைப்போல இரண்டரை மடங்கு.

சரி, தோழி சொன்ன வழிக்கு வருவோம். தொலைநிலையில் கணிதப் பட்டம், அப்புறம் முழுநேர ஆசிரியர் பயிற்சி. மூன்று ஆண்டுப் பட்டம் என்றாலும், வேலையும் குழந்தையும் வைத்துக்கொண்டு படிக்கும்போது நான்கு ஆண்டு ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சேமிப்பதிலிருந்து கட்டணம் கட்டிய பிறகும் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் மிஞ்சும். நான்கு ஆண்டு முடிவில், அவசரத் தொகை போக, கையில் 18 இருக்கும். ஆசிரியர் பயிற்சி இரண்டு ஆண்டு என்றும், கட்டணம் இதே ஆண்டுக்கு ஐந்து என்றும் வைத்தால், வீட்டுச் செலவோடு சேர்த்துத் தேவை 24-க்குச் சற்று மேல். பற்றாக்குறை ஆறேழு மாதச் சம்பளம். அதை ஐந்தே ஆண்டில் அடைக்கலாம். தவணை ஆசிரியர் சம்பளத்தில் 12 சதவீதம். பயிற்சிக் காலம் நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் மூன்றாண்டுப் பட்டதாரிக்கு பி.எட். இரண்டு ஆண்டு; இங்கிலாந்தில் பட்டத்துக்குப் பிந்தைய முழுநேரப் பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு. ஓராண்டு போதுமென்றால் உங்களுக்குக் கடனே தேவைப்படாது.

வகுப்பறைக்குள் நுழைய இரண்டு ஆண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டுமே என்பீர்கள். உண்மைதான், அந்த ஏக்கத்துக்கு விலை போட முடியாது. வருமானக் கணக்கு மட்டும் பார்த்தால், ஆறு ஆண்டு முடிவில் முதல் வழியில் நீங்கள் ஈட்டியிருப்பது 30 மாதச் சம்பளம். இரண்டாம் வழியில் 48. இடையில் உடல்நிலை, குடும்பம், எதனாலாவது படிப்பு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். நான்காண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு நின்றால் வேலை இருக்காது, பட்டமும் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். இரண்டாம் வழியில் எங்கே நின்றாலும் வேலை கையில் இருக்கும், அல்லது கணிதப் பட்டமாவது கையில் இருக்கும்.

ஒரு விஷயம் மாறியிருந்தால் என் பதிலும் மாறியிருக்கும். நீங்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க விரும்பியிருந்தால், எல்லாப் பாடத்தையும் குழந்தை வளர்ச்சியையும் சேர்த்துக் கற்பிக்கும் ஒருங்கிணைந்த படிப்புக்கே மதிப்பு அதிகம். பின்லாந்தில் தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியருக்கே முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குப் பல நாடுகளிலும் முதலில் பார்ப்பது பாடத்தில் பட்டம், பிறகு கற்பித்தல் பயிற்சி.

இனி நிபந்தனைகள். முதலாவது, அந்தத் தொலைநிலைப் பட்டத்தை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும், ஆசிரியர் பதிவோ உரிமமோ தரும் அமைப்பும் ஏற்குமா என்பது. விளம்பரத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று போட்டிருந்தால் போதாது. பட்டம் செல்லும், பள்ளியில் பாடம் எடுக்க மட்டும் செல்லாது என்ற நிலை வரலாம். நேரில் கேட்டால் தலையாட்டுவார்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பட்டம் தொலைநிலையில் இருக்கலாம், ஆசிரியர் பயிற்சி அப்படி இருக்க வேண்டாம். பள்ளிக்கே அனுப்பாமல் ஆசிரியர் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் எந்தப் படிப்புக்கும் ஒரு காசுகூடக் கட்டாதீர்கள்.

அந்தப் பள்ளிப் பயிற்சிதான் பலருடைய பணக்கணக்கு உடையும் இடம். வாரக்கணக்கில், சில படிப்புகளில் மாதக்கணக்கில், முழுநாளும் பள்ளியில் இருக்க வேண்டும். காலையில் வகுப்பு, மாலையில் நோட்டுத் திருத்தல், இரவில் மறுநாள் பாடக்குறிப்பு. மேற்பார்வையாசிரியர் பின்வரிசையில் வந்து உட்காரும் நாளுக்கு முந்தைய இரவு தூக்கமே இருக்காது. பெரும்பாலான இடங்களில் இதற்குச் சம்பளம் கிடையாது. பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று நினைத்து வருபவர்கள் இங்கேதான் கடன் அட்டையை எடுக்கிறார்கள். இது பெரிய சுமை என்று உணர்ந்துதான் ஆஸ்திரேலியா 2025 ஜூலையிலிருந்து, தகுதியுள்ள ஆசிரியர் மாணவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தரத் தொடங்கியது. உங்களுக்கு அப்படி ஒன்று இல்லையென்றால், பயிற்சி மாதங்களின் செலவையும் போக்குவரத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். படிப்பு முடிந்தபின் மூன்று, நான்கு மாதத்துக்கும் சேர்த்தே வையுங்கள். பள்ளிகள் பெரும்பாலும் கல்வியாண்டுத் தொடக்கத்தில்தான் ஆளெடுக்கும். தகுதித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று முதல் சம்பளம் தள்ளிப்போவது சகஜம்.

கணித ஆசிரியர்களுக்குப் பல நாடுகளில் தட்டுப்பாடு. அதனால் உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு, விடாமல் தேடுங்கள். கையெழுத்துப் போடும் முன் நிபந்தனையைக் கடைசி வரி வரை படியுங்கள். அமெரிக்காவில் ஆசிரியர் மாணவர்களுக்கான ‘டீச் கிராண்ட்’ என்ற மானியத்தைப் பெற்றவர், படிப்பு முடித்த எட்டு ஆண்டுக்குள் நான்கு ஆண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், தட்டுப்பாடுள்ள பாடத்தை நடத்த வேண்டும். தவறினால் மானியம் கடனாகிவிடும். வட்டியும் பணம் கொடுத்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். சிங்கப்பூரில் பயிற்சியின்போதே சம்பளம் உண்டு, பதிலுக்குச் சேவை ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தம் தப்பான விஷயம் இல்லை. நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற தொகை தெரியாமல் அதில் இறங்காதீர்கள்.

ஓய்வுக்கால நிதியை எடுக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் படிப்புக்குக் கடன் கிடைக்கும், முதுமைக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். நீங்கள் வேலையை விடும் நாளில் அலுவலக மருத்துவக் காப்பீடும் நின்றுவிடும் என்பதால், அதற்கு முன்பே நீங்களும் குழந்தையும் அவருடைய காப்பீட்டில் சேர்ந்திருக்க வேண்டும்.

எதிர்பார்க்கும் சம்பளத்தையும் ஒருமுறை விசாரியுங்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் தராத பள்ளிகள் உண்டு, ஒப்பந்த ஆசிரியர்களுக்குக் குறிப்பாக. ஆண்டுக்குப் பத்து மாதச் சம்பளம் என்றால் நீங்கள் சொல்லும் 25 சதவீத உயர்வு ஏறக்குறைய 4 சதவீதமாகச் சுருங்கிவிடும். நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் பள்ளிகளில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்கள் இரண்டு பேரிடம் பேசினால் இது தெரிந்துவிடும்.

இடம் கிடைத்த பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டக் கெடு வைத்திருப்பார்கள். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். முடியும் என்றால் உங்களுக்கு நட்டம் எதுவுமில்லை. அதே நாளில் ஆசிரியர் பதிவு அமைப்புக்கும், தொலைநிலைப் பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, ஒரு கடிதம் போகட்டும். அந்தப் பட்டம் செல்லாது என்று பதில் வந்தால் அடுத்து மாலைநேரக் கல்லூரி, பகுதிநேரப் பட்டம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அப்போது கட்டண விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கணக்கைத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.