வாசகர் கேள்வி – பதில்: டி.வி.யில் முகம் ஏன் பருத்துத் தெரிகிறது?

கேள்வி: புதிதாக வாங்கிய 43 அங்குல டி.வி.யில் பழைய கருப்பு வெள்ளைப் படம் போட்டால் எல்லோரும் குள்ளமாக, பருத்துத் தெரிகிறார்கள். செய்தி மட்டும் சரியாக இருக்கிறது. டி.வி.யை மாற்றித் தரச் சொல்ல வேண்டுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா, டி.வி. நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9. அந்தக் காலப் படங்கள் ஏறக்குறைய 4:3. தென்னாப்பிரிக்காவில் 1976இல் டி.வி. வந்தபோது ஒளிபரப்பும் அதே 4:3தான். அந்தப் படத்தைத் திரை நிறைய இழுத்தால் உயரம் மாறாது, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முகம் பருப்பது அதனால்தான்.

கண்ணை நம்ப வேண்டாம், அளவு நாடாவை எடுங்கள். வண்டிச் சக்கரமோ சுவர்க்கடிகாரமோ நேருக்கு நேராகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். உயரம் 15 செ.மீ., அகலம் 20 செ.மீ. என்று வந்தால் படம் இழுபட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

ரிமோட்டில் மெனுவைத் திறந்து ‘பிக்சர்’ பகுதிக்குப் போங்கள். சாம்சங்கில் ‘பிக்சர் சைஸ்’, எல்ஜியில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’, சோனியில் ‘வைட் மோட்’ என்று இருக்கும். அதில் 4:3ஐ (சோனியில் ‘நார்மல்’) தேர்ந்தெடுத்தால் படம் சுமார் 71 செ.மீ. அகலத்தில் நடுவே நிற்கும்; இரு பக்கமும் 12 செ.மீ. கருப்பாக இருக்கும். காசு கொடுத்து வாங்கிய திரையில் இருட்டைப் பார்ப்பதா என்று வீட்டில் யாராவது ‘ஜூம்’ போடச் சொல்வார்கள். ஜூம் திரையை நிறைக்கும், ஆனால் உயரத்தில் கால் பங்கை வெட்டிவிடும். நாட்டியக் காட்சியில் பாதமே தெரியாது. ‘வைட் ஜூம்’ நடுவைக் கொஞ்சமாகவும் ஓரங்களை அதிகமாகவும் இழுக்கும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது தூண்களெல்லாம் வீங்கிச் சுருங்கும். எங்கள் ஓட்டு கருப்புப் பட்டைக்கே.

பலர் சிக்கிக்கொள்வது டிகோடரில், அதாவது டிஷ் ஆன்டெனா சிக்னலை டி.வி.க்குப் படமாக மாற்றித் தரும் பெட்டியில். டிகோடர் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக 1080 கோடுகளில் படம் அனுப்பினால், வருவது எல்லாமே 16:9 என்றுதான் டி.வி. எடுத்துக்கொள்ளும். எனவே டிகோடர் மெனுவில் டி.வி. வடிவத்தை 16:9 என வைத்து, 4:3 நிகழ்ச்சிகளைப் பக்கப் பட்டையுடன் காட்டும்படி அங்கேயே சொல்லிவிடுங்கள். டி.வி.யை 16:9இல் விட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலும் சுருக்கினால் ஆள் ஈர்க்குச்சி ஆகிவிடுவார். வடிவத்தைத் திருத்தும் வேலையை ஒரே பெட்டி செய்யட்டும்.

டிகோடர் சரியாக இருந்தும் ஒரு படம் மட்டும் பருத்துத் தெரிந்தால், சேனல்காரர்களே இழுத்து அனுப்புகிறார்கள் என்று பொருள். அப்போது மட்டும் டி.வி.யில் 4:3 போடுங்கள். இழுத்தது அப்படியே சுருங்கிச் சரியாகும். படம் முடிந்ததும் 16:9க்குத் திரும்ப மறக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் உள்ள தமிழ் டிவிடிகள் சிலவற்றில் நான்கு பக்கமும் கருப்பு. படம் நடுவில் அஞ்சல் அட்டை போல நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகர், மெரிபேங்க்

பதில்: முதலில் டிவிடி பிளேயரைப் பாருங்கள். செட்டப் மெனுவில் ‘டி.வி. டைப்’ என்ற இடத்தில் ‘4:3 எல்.பி.’, ‘4:3 பி.எஸ்.’, ‘16:9’ என மூன்று இருக்கும். 16:9ஐத் தேர்ந்தெடுங்கள். பல பிளேயர்களில் டிஸ்க் ஓடும்போது இது மாறாது. நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும்.

அதன் பிறகும் நான்கு பக்கக் கருப்பு போகவில்லை என்றால் குறை டிஸ்க்கில். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்தது. ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. பழைய டிவிடிகள் பலவற்றில் அதை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கருப்போடு அடைத்துப் பதித்தார்கள். 16:9 டி.வி. அந்தச் சட்டத்துக்குப் பக்கப் பட்டை சேர்க்கிறது. ஆகவே நான்கு பக்கமும் கருப்பு.

மேலே நாங்கள் குறை சொன்ன ஜூம் இங்கேதான் சரியான மருந்து. அது வெட்டுவது வெறும் கருப்பை. 43 அங்குலத் திரையில் படம் 71 செ.மீ. அகலத்திலிருந்து முழு 95 செ.மீ.க்கு விரியும். மேலும் கீழும் சுமார் 6.5 செ.மீ. பட்டை மிஞ்சும், அது ஸ்கோப் படத்துக்கு உரியது, விட்டுவிடுங்கள். வசன வரிகள் கீழ்க் கருப்பில் அச்சாகியிருந்தால் அவையும் வெட்டுப்படலாம். சில டி.வி.களில் ஜூமில் இருக்கும்போது மேல், கீழ் அம்புக்குறியால் படத்தை நகர்த்தலாம். கூர்மையை எதிர்பார்க்காதீர்கள்: 480 கோடுகள் கொண்ட என்.டி.எஸ்.சி. (அமெரிக்க டி.வி. முறை) டிஸ்க்கில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 270 கோடுகள்தான்.

கேள்வி: கிரிக்கெட் பார்க்கும்போது கீழே ஓடும் ஸ்கோர் பாதி மறைகிறது. 16:9இல்தான் இருக்கிறது.
– வாசகர், டோங்காட்

பதில்: இது ‘ஓவர்ஸ்கேன்’. பழைய குழாய் டி.வி.களில் ஓரம் ஒழுங்காக இருக்காது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைப்பார்கள். தட்டைத் திரைக்கு அது தேவையில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘டிஸ்ப்ளே ஏரியா’வுக்குள் ‘ஃபுல் பிக்சல்’. ஸ்கோர் தெரிவதோடு எழுத்தும் கூர்மையாகும். கணினியை எச்.டி.எம்.ஐ.யில் இணைத்து ஓரத்து ஐகான்கள் காணாமல் போனாலும் இதே வைத்தியம்தான். பல டி.வி.கள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அமைப்பு வைத்துக்கொள்ளும்; எச்.டி.எம்.ஐ. 1இல் மாற்றியது 2இல் மாறியிருக்காது. பழைய சாதாரணத் தர ஒளிபரப்பில் மேல் விளிம்பில் வெள்ளைக் கோடுகள் துள்ளினால் பயப்பட வேண்டாம். படத்தோடு வரும் குறியீடுகள் அவை. அந்த இணைப்புக்கு மட்டும் ஓவர்ஸ்கேனைத் திரும்பப் போடலாம்.

கேள்வி: குடும்பக் காவடி வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றக் கொடுக்கப் போகிறோம். கடையில் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: “4:3இலேயே வேண்டும், அகலத்திரையாக்க வேண்டாம்” என்று எழுதிக் கொடுங்கள். இங்கே பதிவான கேசட் என்றால் ‘பால்’ (PAL) எனும் டி.வி. முறை: நொடிக்கு 25 படம், 720க்கு 576 புள்ளிகள். வெட்டி அகலமாக்கிவிட்டால் காவடியின் மேல் வளைவு போய்விடும், அதை மீட்க வழியில்லை. வெறுமனே இழுத்துத் தந்திருந்தால் சரிசெய்யலாம், கணினியில் வி.எல்.சி. பிளேயரில் ‘ஏ’ விசையை அழுத்த அழுத்த விகிதம் மாறும், 4:3 வந்ததும் நிறுத்துங்கள்.

கேள்வி: கருப்புப் பட்டை திரையைக் கெடுக்குமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: எல்.இ.டி. என்று விற்கப்படும் எல்.சி.டி. திரையைக் கெடுக்காது. பிளாஸ்மா, ஓலெட் திரைகளில் எரியும் புள்ளிகள் தேயும், பட்டையிலுள்ளவை தேயாது. தினமும் மணிக்கணக்கில் 4:3 மட்டுமே பார்த்தால் ஆண்டுகள் கழித்து ஓரம் பளிச்சென்று தனியாகத் தெரியலாம். இடையிடையே முழுத்திரை நிகழ்ச்சிகளும் பார்க்கும் வீட்டில் இதற்காகப் படத்தை இழுக்க வேண்டியதில்லை.