மணியும் ஏழு மணியும்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி புறவழிச்சாலை ஓரம் கிடந்த ஒரு நாயை மூன்று வாரம் முன்பு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வந்த மறுநாளே விழுந்து கைகால் உதறியது. போன வாரம் இன்னொரு முறை. இரண்டு வயது இருக்கும், இது வலிப்பு, ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும் என்கிறார் கால்நடை மருத்துவர். மாமியாரோ வெறிநாய் என்று கிட்டவே வருவதில்லை. நான் பள்ளி ஆசிரியை. காலை எட்டுக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்தாகிவிடும். உங்கள் நாய் மணிக்கும் இதே நோய் என்று எழுதியிருந்தீர்கள். இதை வைத்துக்கொள்ளலாமா?

(பெயர் வேண்டாம்), காவேரிப்பட்டணம்

அன்புள்ள சகோதரி,

மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். தெருவில் எடுத்த நாய்க்கு யார் தடுப்பூசி போட்டிருப்பார்கள்? ஆனால் வெறி கண்ட நாய் தேறாது, பெரும்பாலும் பத்து நாளுக்குள் செத்துவிடும். உங்களுடையது முதல் வலிப்பு வந்து மூன்று வாரமாகச் சோறு தின்று நடமாடுகிறது. அதையே அவரிடம் சொல்லுங்கள். நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டுவிடுங்கள். இதற்குள் யாரையாவது கடித்திருந்தால், கடிபட்டவர் யோசிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. அது தூங்கும்போது நெற்றிப்பொட்டோ ஒரு காலோ தாளம் போடுகிற மாதிரி துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் வந்துபோன நாயாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். துடிக்கவில்லை, வேறு காரணமும் அகப்படவில்லை என்றால் வெறும் வலிப்புதான். ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் நடுவில்தான் அது பெரும்பாலும் தொடங்கும்.

மணிக்கு எங்கள் வீட்டில் முதல் முறை வந்தது விடியற்காலை மூன்று மணிக்கு. சிமெண்டுத் தரையில் நகம் பறபறவென்று கீறுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். வாயில் நுரை, மூத்திரம் போய்விட்டது, கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் சாவிக்கொத்தோடு ஓடிவந்து, "இரும்பைக் கையில குடுப்பா" என்றார். எந்தக் கையில் என்று அவருக்கும் தெரியவில்லை. வாய்க்குள் மட்டும் கையை விட்டுவிடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரல்தான் போகும். முட்டிக்கொள்ளும்படி இருக்கிற பொருட்களை நகர்த்துங்கள், விளக்கைக் குறையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். நடுராத்திரிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

மாத்திரை அனேகமாக ஃபீனோபார்பிட்டலாக இருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேளை. மணிக்கு ராகிக் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுப்போம். ஒரு வாரம் சமர்த்தாக முழுங்கினான் என்று நினைத்தோம், அப்புறம் ஆட்டுக்கல் மறைவில் நான்கு மாத்திரை கிடந்தது. களியை நக்கிவிட்டு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறான். அதற்குப் பிறகு மூன்று உருண்டை: முதலாவது வெறும் களி, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதைக் கண்ணெதிரே காட்டிக்கொண்டே இருப்பது. அந்த அவசரத்தில் இரண்டாவது உள்ளே போய்விடும். முதல் சில வாரம் குடிகாரன் மாதிரி தள்ளாடும். தண்ணீரும் பசியும் கூடும். மாட்டுக்கு ஊறப்போட்ட புண்ணாக்கை மணி ஒரு முறை காலி பண்ணிவிட்டான். அதைப் பார்த்து பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். சீட்டு இல்லாமல் இந்த மாத்திரை தரமாட்டார்கள், சீட்டு இருந்தாலும் சில நாள் கடையில் இருக்காது. ஒரு பொங்கலுக்கு நான் அசட்டையாக இருந்து இரண்டு நாள் விட்டுப்போனது. மூன்றாம் நாள் ராத்திரி மூன்று முறை வந்தது. என் தப்புதான். இப்போது பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் பீரோவில் கையிருப்பு.

உங்கள் வேலை இதற்குத் தடையே இல்லை. காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் வீட்டில் ஒரு ஆள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழியில்லை என்றால், பாவம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டாம், வழியிருக்கிற வீடாகப் பார்த்துக் கொடுங்கள். பகலில் மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாத இடத்தில் விடுங்கள். வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரத்தம் எடுத்து மருந்தின் அளவையும் கல்லீரலையும் பார்க்கும்போது மருத்துவர் அதைத்தான் கேட்பார்.

நாய்க்கு என்ன பெயர் என்று எழுதவில்லையே. நோட்டின் அட்டையில் அதை எழுத வேண்டும்.