வாசகர் கேள்வி – பதில்: கண்ணாடியில் செருகிய மஞ்சள் உறை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, கார் தரிப்பிட டிக்கட் பற்றியவை. ஓய்வு பெறும்வரை 11 வருடம் லண்டன் கவுன்சில் ஒன்றின் தரிப்பிடப் பிரிவில் இருந்து, இப்படியான முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதியவள் நான். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கண்டதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, 3ஆம் திகதி கடைத்தெருவில் காரை விட்டுவிட்டு ஃபோனில் காசு கட்டினேன். இட எண்ணில் ஒரு இலக்கம் பிழைத்து, காசு பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தால் கவுன்சில் டிக்கட், 110 பவுண். 14 நாளுக்குள் கட்டினால் 55. "முதலில் பாதியைக் கட்டு, அப்புறம் எழுதிக் கேட்கலாம்" என்கிறார் கணவர். என்ன செய்ய? – வாசகி, கிழக்கு லண்டன்

பதில்: கணவர் சொல்வதைக் கேட்காதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும். காசைக் கட்டினால் கோப்பு மூடப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு நல்ல காரணம் எழுதினாலும், "நீங்கள் கட்டிவிட்டீர்கள், விடயம் முடிந்தது" என்று ஒரு வரிப் பதில்தான் வரும். அந்த ஒரு வரியை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

14 நாளை எண்ணுவதிலும் பலர் பிழைக்கிறார்கள். டிக்கட் வைத்த நாளே முதலாம் நாள். உங்களுக்குக் கடைசி நாள் 16, 17 அல்ல. அதற்குள் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் ஆட்சேபத்தைப் பதியுங்கள். காசு கட்டிய ரசீதின் படத்தையும், இரண்டு இட எண்களும் தெரியும்படி தெருப் பலகைகளின் படத்தையும் சேருங்கள். குடும்பக் கஷ்டமெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டாம். "காசு கட்டியிருக்கிறேன், நேரம் இது, ஒரு இலக்கம்தான் பிழை" என்றால் போதும். என் மேசைக்கு வந்திருந்தால் முதல் தடவைக்கு ரத்துச் செய்திருப்பேன். எல்லா அதிகாரியும் அப்படி இல்லை.

14 நாளுக்குள் எழுதியவருக்கு, மறுத்தாலும் பாதித் தொகையைக் கட்ட இன்னொரு 14 நாள் கொடுக்க வேண்டும் என்றுதான் அரசாங்கத்தின் வழிகாட்டல் சொல்கிறது. ஆகவே நேரத்துக்கு எழுதுவதால் பொதுவாக நட்டமில்லை. மறுப்புக் கடிதம் வந்தபின்தான் உண்மையான யோசனை: 55 உடன் விட்டுவிடுவதா, முழுத் தொகையைப் பணயம் வைப்பதா?

பணயம் வைப்பதென்றால் அடுத்து நடப்பதைக் கவனமாகக் கேளுங்கள், ஆட்கள் விழுகிற குழி இங்கேதான் இருக்கிறது. மறுப்பு வந்த கோபத்தில் கவுன்சிலுக்குத் திரும்பத் திரும்ப மின்னஞ்சல் போடுவார்கள். டிக்கட் வைத்து 28 நாள் கழிந்தபின், வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயில் யார் பெயரில் கார் இருக்கிறதோ அவருக்கு 'நோட்டீஸ் டு ஓனர்' என்ற கடிதம் போகும். "நான்தான் ஏற்கெனவே எழுதிவிட்டேனே" என்று அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிடுவார்கள். சட்டப்படியான கதவு திறப்பதே அந்தக் கடிதத்தோடுதான்! முதலில் எழுதியதெல்லாம் முறைசாரா ஆட்சேபம். இப்போது 28 நாளுக்குள், அதே விஷயமானாலும், புதிதாக எழுத வேண்டும். விட்டால் தண்டம் அரைப்பங்கு கூடும். உங்கள் 110, 165 ஆகும்.

நேரத்துக்கு எழுதினால் கவுன்சிலுக்கும் கெடு உண்டு: 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் உங்கள் வாதத்தை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. மறுத்தால், அந்த மறுப்பிலிருந்து 28 நாளுக்குள் 'லண்டன் ட்ரைபியூனல்ஸ்' நடுவரிடம் மேன்முறையீடு. கட்டணம் இல்லை, நேரில் போகவும் தேவையில்லை. தீர்ப்பு வரும்வரை தொகை ஏறாது. ஆனால் அங்கே பாதித் தொகைப் பேச்சே இல்லை என்பதை மனதில் வையுங்கள்.

கேள்வி: என் பெயரில் உள்ள காரை வீட்டில் மூன்று பேர் ஓடுகிறோம். கடைத்தொகுதித் தரிப்பிடம் ஒன்றில் அளவுக்கு மேல் நின்றதாக 100 பவுண் கேட்டு, 23 நாள் கழித்துத் தபாலில் கடிதம் வந்தது. காரில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. தனியார் டிக்கட்டைக் குப்பையில் போடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – வாசகர், குரொய்டன்

பதில்: தம்பி, குப்பையில் போடுகிற காலம் 2015 இலேயே முடிந்துவிட்டது. செம்ஸ்ஃபோர்ட் கடைத்தொகுதி ஒன்றில் கேட்ட 85 பவுண் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அந்த வருடம் தீர்ப்புச் சொன்னது.

கவுன்சில் தருவது 'பெனல்ட்டி சார்ஜ் நோட்டீஸ்'. தனியார் தருவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. சுருக்கினால் இரண்டும் பிசிஎன். சிலது மஞ்சள் உறையிலேயே வரும். இந்த ஒற்றுமை தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். தனியார் கேட்பது தண்டம் அல்ல, ஒப்பந்தத்தை மீறியதற்கான காசு.

உங்கள் விஷயத்தில் அந்த 23 நாள்தான் முக்கியம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரில் டிக்கட் வைக்காமல் கமராவை மட்டும் நம்பும் நிறுவனம், சம்பவம் நடந்து 14 நாளுக்குள் கடிதத்தைப் பதிவாளர் (கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர், இங்கே நீங்கள்) கையில் சேர்த்திருக்க வேண்டும். பிந்தினால் பதிவாளரிடம் கேட்கும் உரிமை போய்விடும். ஓடிய சாரதியிடம்தான் கேட்கலாம். யார் ஓடினார் என்று அவர்களுக்குச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. பொய் சொல்லாதீர்கள், "நான் நிறுத்தியபோது" என்று தொடங்கவும் வேண்டாம். "வாகனப் பதிவாளராக எழுதுகிறேன்" என்று தொடங்கி, கடிதம் பிந்தியதைக் காட்டி, 28 நாளுக்குள் அனுப்புங்கள். உறையையும் வைத்திருங்கள்.

மறுத்தால், அந்த நிறுவனம் எந்தத் தரிப்பிடத் தொழிற்சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, தனியார் டிக்கட்டுகளின் மேன்முறையீட்டைக் கேட்கும் பொப்லா அல்லது ஐஏஎஸ்ஸிடம் போகலாம். பொப்லாவுக்கு 28 நாள். மறுப்புக் கடிதத்தில் உள்ள குறியீட்டு எண் வேண்டும். கடன் வசூலிப்பவர்களின் சிவப்பெழுத்துக் கடிதங்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நீதிமன்றப் படிவம் வந்தால் மட்டும் அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். அது சேர்ந்து 14 நாளுக்குள் பதில் போக வேண்டும். பெற்றுக்கொண்டேன் என்று அறிவித்தால் 28 நாளாகும்.

கேள்வி: ஹரோவிலிருந்து மில்டன் கீன்ஸுக்கு மாறினோம். பழைய வீட்டுக்குப் போன கவுன்சில் டிக்கட் கடிதம் எதுவும் கைக்கு வரவில்லை. இப்போது கடனை வசூலிக்க வரும் பெய்லிஃப் வாசலில் நிற்கிறார். – வாசகி

பதில்: கதவைத் திறக்காதீர்கள், பிள்ளை. உள்ளே விட்டால் சாமான்களைப் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார். கட்டாத டிக்கட்டுகளைக் கையாளும் நீதிமன்ற அலுவலகமான, நோர்த்தாம்ப்டனில் உள்ள ட்ராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டருக்கு டிஈ9 படிவத்தில் "நோட்டீஸ் கிடைக்கவில்லை" என்று சத்திய வாக்குமூலம் அனுப்புங்கள். அதற்கு 21 நாள்தான் தவணை, உங்களுக்கு அது கடந்திருக்கும். அதனால் பிந்தியதற்கான காரணத்தை எழுதும் டிஈ7 படிவமும் கூடவே போக வேண்டும். வீட்டு ஒப்பந்தத்தின் பிரதியையும் இணையுங்கள். ஏற்றுக்கொண்டால் கணக்குப் பழைய கட்டத்துக்குத் திரும்பும். டிக்கட்டே இல்லாமல் போகாது. காரின் பதிவுப் புத்தகத்தில் புது விலாசத்தை இன்றைக்கே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடிதமும் ஹரோவுக்குத்தான் போகும்.