காட்பாடியில் வளர்த்த நாட்டு நாயை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போக எத்தனை மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்?

நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 58 நாள் போதும், ஆனால் ஆய்வக முடிவு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.

2024 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சி.டி.சி. (அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம்) விதியில் இந்தியா ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடு. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது வரிசையில்தான். முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு), அதற்குப் பிறகே ரேபிஸ் ஊசி. "போன வருஷமே ஊசி போட்டாச்சே, புத்தகத்தில் ஸ்டிக்கரும் இருக்கே" என்பார்கள். ஊசி போட்ட அன்று உடம்பில் சிப் இல்லையென்றால் அது செல்லாது. முகாமில் இலவசமாகப் போட்ட ஊசியும் அப்படித்தான். 15 இலக்க எண் கொண்ட, ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரத்துக்கு உட்பட்ட சிப்பைப் பொருத்தி, ஸ்கேனரில் எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே ஊசியை மறுபடி போடச் சொல்லுங்கள்.

அந்த ஊசியிலிருந்து 30 நாள் கழித்து டைட்டர் சோதனைக்கு, அதாவது ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு, ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து 28 நாள் கழியாமல் நாய் அமெரிக்காவில் இறங்கக் கூடாது. அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ.வாவது இருக்க வேண்டும். ஆய்வகம் சி.டி.சி. அங்கீகரித்ததா என்று பாருங்கள். வேலூர் வெயிலில் முழு ரத்தத்தை அப்படியே அனுப்பினால் சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி வீணாகும். கிளினிக்கிலேயே ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியான சீரத்தைப் பிரித்து ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள். குழாயிலும் படிவத்திலும் சிப் எண் இருக்கட்டும். டைட்டர் இல்லாமல் போனால் அங்கே 28 நாள் தனிமை, அதுவும் உங்கள் செலவில்.

அடுத்த ஊசியைத் தேதி தவறவிடாதீர்கள். தவறினால் டைட்டரும் செல்லாது.

ஊசி, சிப் சான்றிதழை உங்கள் கால்நடை மருத்துவர் நிரப்புவார், அரசுக் கால்நடை அதிகாரி மேலொப்பமிட வேண்டும். வேலூர்க்காரர்களுக்கு வசதி, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம். பயணத்துக்கு ஐந்து நாளுக்குள் நாயைப் பரிசோதித்து, புண்ணில் புழு இல்லை என்று அரசு அதிகாரி தரும் சான்றும் தேவை. சி.டி.சி.யின் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பலாம், கட்டணமில்லை.

மகன் டல்லாஸில் இருந்தாலும் நாய் முதலில் இறங்க வேண்டியது அட்லாண்டா, நியூயார்க் ஜே.எஃப்.கே., லாஸ் ஏஞ்சல்ஸ், மயாமி, பிலடெல்பியா, வாஷிங்டன் டல்லஸ் (Dulles) ஆகிய விமான நிலையங்களில் ஒன்று. அங்குள்ள விலங்குப் பராமரிப்பு மையத்தில் இடம் பதிவு செய்துவிட்டு டிக்கெட் எடுங்கள். அங்கே பரிசோதித்து மறுபடி ஒரு ரேபிஸ் ஊசி போடுவார்கள். தாள் குறைந்தால் நாய் திரும்பி வரும், கட்டணம் உங்கள் தலையில்.

இந்தியாவில் மாடுகளுக்குக் கோமாரி இருப்பதால், மாட்டுக்கொட்டகைப் பக்கமே போகாத நாய்க்கும் கோமாரிக்கான விதி உண்டு. கால், ரோமத்தில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. கூண்டில் வைக்கோல் வேண்டாம், பழைய துணி விரியுங்கள்.