செயின்சாவும் கால் கவசமும்: கேள்வி பதில்

செயின்சா என்ற மரம் அறுக்கும் மெஷினை ஓட்டும்போது தொடையிலிருந்து பூட்ஸ் வரை அணியும் கவசம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மெஷின் ஓட்டுபவன், பழுதும் பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. எந்தக் கம்பெனி, எந்தக் கடை, என்ன விலை என்பதற்குள் நான் போகவில்லை.

பேராவூரணி: கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க மெஷின் வாங்கியவர்கள் நாங்கள். இன்றுவரை கைலியோடுதான் அறுக்கிறோம். இந்தக் கவசமும் துணிதானே அண்ணா? ஓடுகிற செயினைத் துணி எப்படி நிறுத்தும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். இந்தக் கவசம் வெட்டுப்படாத துணி இல்லை. வெட்டுப்பட்டுத்தான் காலைக் காப்பாற்றுகிறது. மேல் துணி உடனே கிழிந்துவிடும். அதற்கு உள்ளே பாலியெஸ்டர், நைலான், கெவ்லார் மாதிரியான உறுதியான நூல்கள் பல அடுக்காக, நீளநீளமாக, தளர்வாக இருக்கும். செயினின் பல் அந்த நூலைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு ஓடும். இழுபட்ட நூல் மெஷினுக்குள் செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் போய்ச் சுற்றி இறுகும். ஸ்ப்ராக்கெட் சுற்ற முடியாமல் செயின் நின்றுவிடும். அப்புறம் கவரைக் கழற்றி, பிளாஸால் நூலை எல்லாம் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும். காலில் சிராய்ப்போ கன்றிப்போன தடமோ இருக்கலாம், பெரும்பாலும் அவ்வளவுதான்.

கைலியில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். அது மணிக்கு 72 கிலோமீட்டர். பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. 18 அங்குல பாரில் ஓடும் செயினின் நீளம் சுமார் 1.3 மீட்டர், அதில் 34 வெட்டுப் பல். நொடிக்கு 15 சுற்று என்றால் 500 பல்லுக்கு மேல் ஒரே இடத்தைக் கடந்து போகும். ‘ஐயோ’ என்று கையை இழுக்கக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் 5 மீட்டர் செயின் உங்கள் தொடையில் ஓடி முடிந்திருக்கும். கத்திக் காயம் ஒரு கோடு. செயின் 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலத்துக்குச் சதையைத் தோண்டி எடுத்துவிடும். சேர்த்துத் தைக்க அங்கே சதை மிச்சம் இருக்காது.

பெரும்பாலும் மாட்டுவது இடது கால். இடது கை முன் கைப்பிடியில், வலது கை ஆக்சிலேட்டரில். கட்டை அறுந்து பிரியும் நேரத்தில் மெஷினின் எடை சட்டென்று கீழே இறங்கும். அப்போது பார் வந்து நிற்கும் இடம் இடது முழங்காலும் அதற்கு மேலே உள்ள தொடையும்தான். ஆகவே ஆக்சிலேட்டரை விட்டதும், ஒரு அடி நகர்வதற்கு முன்பு, செயின் பிரேக்கைத் தட்டிவிடுங்கள்.

திருநெல்வேலி: நம் வெயிலில் இதைப் போட்டால் மயங்கி விழுந்துவிடுவோம்.

வேர்க்கும், மறுக்கவில்லை. அதற்காகத்தான் முன்பக்கம் மட்டும் மூடி, பின்னால் பட்டையால் கட்டும் ‘சாப்ஸ்’ இருக்கிறது. காலைச் சுற்றி முழுக்க மூடும் பேன்ட்டைவிடக் காற்றோட்டம் அதிகம். நின்று அறுக்கும் வேலைக்கு முன்பக்கக் கவசம் போதும். பட்டையை மட்டும் தளர்வாகக் கட்டாதீர்கள். தளர்ந்தால் செயின் படும்போது கவசம் பக்கவாட்டில் திரும்பிவிடும், வெறும் கால் முன்னால் வந்துவிடும். நீளம் பூட்ஸின் மேல் வந்து விழ வேண்டும்.

கூடலூர்: சில்வர் ஓக் அறுக்கிறோம். லேபிளில் ‘கிளாஸ் 1’ என்று போட்டிருக்கிறது. 1 என்றால் முதல் தரமா?

இல்லை. அது தரவரிசை அல்ல, சோதித்த செயின் வேகம். ஐரோப்பியத் தரத்தில் கிளாஸ் 0 என்றால் நொடிக்கு 16 மீட்டர், 1 என்றால் 20, 2 என்றால் 24, 3 என்றால் 28. எண் கூடக்கூட அடுக்கும் கூடும், எடையும் வெப்பமும் கூடும். பெரிய மெஷின் முழு வேகத்தில் 20ஐத் தாண்டி ஓடும். உங்கள் மெஷின் புத்தகத்தில் செயின் வேகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லேபிளில் செயின்சா படம் இல்லாத எதையும் வாங்க வேண்டாம்.

சேலம்: விலை எவ்வளவு, எங்கே கிடைக்கும்?

மேலே சொல்லிவிட்டேன்.

பொள்ளாச்சி: நீளமான நூல்தான் விஷயம் என்றால் எங்கள் ஊரில் தென்னைநார் குவிந்து கிடக்கிறது. இரண்டு கேன்வாஸுக்கு நடுவில் நாரைப் பரப்பி டெய்லரிடம் தைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். நார் ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்கு மேல் நீளாது. பல் பட்டால் முறிந்து தூளாகப் பறக்கும். ஸ்ப்ராக்கெட் வரை இழுபட்டு வந்து இறுக அதற்கு நீளமும் இல்லை, வலுவும் இல்லை.

குளச்சல்: பொள்ளாச்சிக்காரர் கேட்பது சரிதான். நார் வேண்டாம் என்றால் லாரி டியூப் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் அதைக் காலில் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்கள் உண்டு.

டியூபில் நூலே இல்லை, செயின் அறுத்துக்கொண்டு நேரே போய்விடும். டயர் என்று அடுத்து யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: டயருக்குள் இரும்புக் கம்பி இருந்தால் செயின் எகிறும், அறுந்தும் போகலாம்.

பொள்ளாச்சி (மீண்டும்): நாரைக் கயிறாகத் திரித்தால் நீளம் வந்துவிடுமே. நைலான் கயிறும் சேர்த்து, நகராமல் கட்டம் கட்டமாகத் தைத்தால்?

உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். நல்ல கவசம் கூலிக்காரர் கைக்கு எட்டவில்லை என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கட்டம் போட்ட தையல்தான் ஆளைக் கொல்லும். நூல் உருவிக்கொண்டு வெளியே வந்தால்தான் செயின் நிற்கும். தையல் போட்டால் நூல் இருந்த இடத்திலேயே பிடிபட்டு அறுந்துவிடும். கம்பெனிக் கவசத்தில்கூட உள் அடுக்கைக் குத்தித் தைக்கக் கூடாது என்பது இதனால்தான். மேல் துணியில் முள் கிழித்த சின்ன ஓட்டை என்றால் மேலோடு ஒட்டுப் போடலாம், ஊசி உள்ளே போகக் கூடாது. இரண்டு ஜீன்ஸ் போட்டால் போதுமா என்று கேட்ட தம்பிக்கும் இதுவே பதில்: ஜீன்ஸின் நூல் உருவி வராது.

சென்னை: பேட்டரி மெஷினுக்கும் இதே கவசம் போதுமா?

முழுதாக நம்ப வேண்டாம். மின் மோட்டார் குறைந்த வேகத்திலும் முழு பலத்தோடு இழுக்கும். பெட்ரோல் மெஷினை நிறுத்தும் நூல் அதை நிறுத்தாமல் போகலாம். பல கவசங்களின் லேபிளிலேயே மின்சார மெஷினுக்கு உத்தரவாதம் இல்லை என்ற எச்சரிக்கை இருக்கும். படியுங்கள். சத்தம் இல்லை என்பதால் பேட்டரி மெஷினைப் பொம்மையாக நினைக்கிறார்கள். அதற்கும் பிரேக் உண்டு, போடுங்கள்.

மதுராந்தகம்: புல் வெட்டும் மெஷினுக்கு இது ஆகுமா?

ஆகாது. வட்ட பிளேடில் நூல் போய் அடைக்க ஸ்ப்ராக்கெட் கிடையாது. அதற்குத் தனி முழங்கால் காப்பு.

சென்னை (வேறொருவர்): வர்தா புயலுக்குப் பிறகு மரமேறி அறுக்கும் வேலை செய்கிறேன். கவசத்தோடு ஏற முடியவில்லை.

அமெரிக்காவில் மரவெட்டுத் தொழிலுக்கான விதி, தொடை முழுவதும் பூட்ஸின் மேல்விளிம்பு வரை இரண்டு காலும் மூடியிருக்க வேண்டும் என்கிறது. மரமேறுபவருக்குக் கவசத்தால் ஆபத்து கூடும் என்று வேலை கொடுப்பவர் காட்டினால் விலக்கு உண்டு. உங்கள் சிரமம் உண்மையானது. ஆனால் மரத்தில் கால் கிளையை அணைத்திருக்கும், பார் எந்தப் பக்கமும் வரும். தரையில் இறங்கி அறுக்கும்போதாவது கட்டாயம் கட்டுங்கள்.

தேனி: இருபது வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆனதில்லை.

இந்த வாக்கியத்தை இன்றைக்கே பலர் எழுதிவிட்டீர்கள். ஒருவருக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: உங்கள் கைப்பழக்கம் நல்லது. மாலையில் கை தளரும், கட்டைக்கு அடியில் கல் இருக்கும், காலடியில் மட்டை வழுக்கும். இவை யாருடைய அனுபவத்தையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. உங்களைப் பார்த்துத் தொழில் பழகும் பையனும் கைலியோடுதான் நிற்பான்.

கோத்தகிரி: துவைக்கலாமா?

துவைக்க வேண்டும். பார் ஆயில் (பாரிலும் செயினிலும் ஓடும் எண்ணெய்) ஊறினால் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவி வராமல் போகும். மிதமான சூடுள்ள தண்ணீர், சாதாரண சோப்பு, கையால் துவைப்பது, நிழலில் உலர்த்துவது. பிளீச் போட்டால் கெவ்லார் வீணாகிவிடும்.

ஓசூர்: விலை?

அடுத்த கேள்வி.

பொள்ளாச்சி (இன்னும் ஒரு தடவை): சரி அண்ணா, நான் செய்ததை ஒரு கட்டையில் சுற்றி மெஷினை வைத்துப் பார்க்கிறேன். நின்றால் ஒத்துக்கொள்வீர்களா?

ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பெனிக் கவசமே ஒரு தடவை வெட்டுப்பட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், அந்த இடத்து நூல் போய்விட்டது. நீங்கள் சோதித்ததை அணிய முடியாது, அணியப்போவதைச் சோதித்திருக்க மாட்டீர்கள். டெய்லர் கையில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வரும். அந்தப் பணத்தை உங்கள் ஆட்கள் நான்கு பேருமாகச் சேர்த்து ஒரு நல்ல கவசம் வாங்குங்கள். மெஷின் யார் கையில் இருக்கிறதோ அவர் காலில் அது இருக்கட்டும்.