துருக்கி சுத்லாச் (பாலும் அரிசியும் சேர்த்துச் செய்ற இனிப்பு) வீட்ல செஞ்சா ஓவன்ல மேல கருக்க மாட்டேங்குது, உள்ள கெட்டிதட்டிப் போயிடுது, என்ன பண்றது?

ரெண்டு பிரச்சனை சொல்லியிருக்கீங்க, மேல அந்த பிரவுன் திட்டு வரலை, ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா கத்தி வெச்சு வெட்டுற அளவுக்கு இறுகிடுதுன்னு. ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு. மேல நிறம் வரலையேன்னு நீங்க ஓவன்ல விட்டு வெச்சிருக்குற ஒவ்வொரு நிமிஷமும் உள்ள இருக்குற அரிசி பாலை உறிஞ்சிக்கிட்டே இருக்கு. அதுக்கும் முன்னாடி, அடுப்புலயே பாயசத்துக்குப் பண்ற மாதிரி பாலைச் சுண்ட வெச்சிருப்பீங்கன்னு தோணுது, ஏன்னா நம்ம கை அப்படித்தான் பழகியிருக்கு.

நான் வேலை விஷயமா கொஞ்ச காலம் இஸ்தான்புல்ல இருந்தேன், மேல் மாடில வீட்டுக்காரம்மா, கருங்கடல் ஓரத்துல இருக்குற ட்ராப்ஸோன் பக்கத்துக்காரங்க, எல்லாரும் அவங்கள தெய்ஸே தெய்ஸேன்னுதான் கூப்பிடுவோம், அங்க வயசான பொம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடுறது, நம்ம சித்தி பெரியம்மா மாதிரி. அவங்க அடுப்படில நின்னு பார்த்துக் கத்துக்கிட்டதுதான் இது. பால் பாயசத்துல பால் சுண்டிச் சுண்டித்தான் ருசி வரும், நிறம் லேசா சிவக்கும். சுத்லாச்ல பால் வெள்ளையாவே இருக்கணும், கெட்டித்தன்மை முழுக்க அரிசிலேர்ந்து வர்ற மாவுச்சத்தால வரணும். இந்த ஒண்ணு பிடிபட்டா மீதி எல்லாம் தானா வந்துடும்.

அளவு சொல்லிடறேன். ஒரு லிட்டர் முழுக்கொழுப்பு பால், 80லேர்ந்து 90 கிராம் அரிசி, ரெண்டு டம்ளர் தண்ணி (400 மில்லி போதும்), 150 கிராம் சர்க்கரை, தலை தட்டுன ரெண்டு ஸ்பூன் பச்சரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு. ஆறு கிண்ணம் வரும். அரிசி இவ்ளோதானான்னு கேப்பீங்க, ஆமா இவ்ளோதான், பார்க்கும்போது கை தானா இன்னும் ஒரு பிடி அள்ளும், அள்ள விடாதீங்க.

அரிசிதான் இங்க முக்கியம். துருக்கில இதுக்கு பால்டோ இல்லன்னா ஒஸ்மான்ஜிக் அரிசி போடுவாங்க. பால்டோ இத்தாலியிலேர்ந்து வந்த ரகம், அந்த ஊர் அர்போரியோ அரிசியோட வம்சம்தான், பலிகெசிர் மாகாணத்துல கோனென் ஊரு பால்டோன்னா கடைல விலை கொஞ்சம் கூடவே இருக்கும். ஒஸ்மான்ஜிக்-97ங்கறது எதிர்னே ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கி 1997ல பதிவு பண்ண ரகம். ரெண்டும் தடிமனா இருக்கும், வேகும்போது வழவழன்னு கஞ்சி விடும். பாசுமதி போட்டா அந்தக் கஞ்சி வராது, அதோட ஆறினதும் பருக்கை விறைச்சுக்கும். புழுங்கல் அரிசி வேண்டவே வேண்டாம், இட்லி அரிசியும்தான். வெளிநாட்டுல இருக்குறவங்க அர்போரியோ வாங்கிக்கலாம், ஊர்ல இருந்தா புது பச்சரிசி, குருணையா இருந்தா இன்னும் நல்லது, துருக்கிலயும் சில வீடுகள்ல இதுக்குன்னே உடைஞ்ச அரிசி வாங்குறது உண்டு.

அரிசியை ஒரு தடவை மட்டும் அலசிட்டு முதல்ல தண்ணிலதான் வேக வைக்கணும், பால்ல இல்ல. பால்ல நேரா போட்டா பருக்கை வேகறதுக்குள்ள பால் பாதி சுண்டிடும், அடியும் பிடிக்கும். சின்ன தீயில ஒரு 15, 20 நிமிஷம், விரல்ல நசுக்கினா நடுவுல வெள்ளைப் புள்ளி இல்லாம மசியணும். தண்ணி மீதி இருந்தா வடிக்காதீங்க, அந்தக் கஞ்சிதான் நமக்கு வேணும். அப்புறம் சுட வெச்ச பாலை ஊத்தி, கொதி வந்ததும் தீயைக் குறைச்சு 20 நிமிஷம், அடியைத் தொட்டுத் தொட்டு கிண்டிக்கிட்டே இருங்க. அரிசி மாவை ஒரு கால் டம்ளர் பச்சைப் பால்ல கட்டியில்லாம கரைச்சு, அதுல ஒரு கரண்டி சூடான பாலை விட்டுக் கலக்கி, அப்புறமா மொத்தத்தையும் பாத்திரத்துல விடுங்க. நேரா விட்டா கட்டி கட்டியா நிக்கும், அப்புறம் வடிகட்டவும் முடியாது, அரிசி வேற இருக்கே.

சர்க்கரை கடைசிலதான், இறக்குறதுக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி. இது சும்மா வழக்கம் இல்ல, காரணம் இருக்கு, சர்க்கரை தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அரிசியோட மாவுச்சத்து ஊதறதுக்குத் தண்ணி கிடைக்காம பருக்கை விறைப்பாவே நின்னுடும். போட்டதும் கலவை திடீர்னு இளகும், பயந்துபோய் இன்னும் மாவு கரைச்சு ஊத்திடாதீங்க, அங்கதான் நிறைய பேர் கெடுக்குறது. எப்ப இறக்கணும்னா, ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவுல ஒரு பதம் இருக்கு பாருங்க, கரண்டியோட முதுகுல லேசா ஒட்டணும், ஆனா தாராளமா ஓடணும். பார்த்தா இன்னும் ஆகலைன்னு தோணும். தெய்ஸே அந்த நேரத்துல என் கையிலேர்ந்து கரண்டியைப் பிடுங்கி அடுப்பை அணைச்சுடுவாங்க, "போதும் மகனே, மீதியை குளிர் பார்த்துக்கும்"னு. நிஜமாவே ஆற ஆற மாவுச்சத்து தானா இறுகும், ஃப்ரிட்ஜ்ல இன்னும் இறுகும், சூட்டுலயே சரியான பதத்துல இருந்தா குளிர்ந்ததும் கத்தி வேணும்.

இதோட நிறுத்தி கிண்ணத்துல ஊத்தி ஆற வெச்சு மேல பட்டைப் பொடி தூவினா அது சாதா சுத்லாச், அதுவும் அருமையா இருக்கும். நீங்க கேட்டது ஃபிரின் சுத்லாச், அதாவது ஓவன்ல வெச்சது. இஸ்தான்புல்ல முஹல்லெபிஜின்னு பால் இனிப்புக்குன்னே கடைங்க இருக்கு, கண்ணாடிக்குப் பின்னால வரிசையா மண் கிண்ணம், எல்லாத்துக்கும் மேல கருப்பும் பழுப்புமா திட்டுத்திட்டா இருக்கும், பக்கத்துலயே அடியைக் கருக்கி சுருட்டி வெச்ச கஸான்திபிங்கற பால் இனிப்பும் இருக்கும், அந்த ஊர்க்காரங்களுக்கு கருகின பால்னா ஒரு தனி ஆசை.

ஓவனுக்கு வர்றேன். கருகறது பால் மேல கட்டுற ஆடைதான். அதனால கிண்ணத்துல ஊத்தினதும் உடனே உள்ள தள்ளாதீங்க, அசைக்காம அரை மணி நேரம் விட்டு ஆடை கட்டட்டும். அப்புறம் ஒரு ட்ரேல கிண்ணங்களை அடுக்கி, பாதி உயரத்துக்கு பச்சைத்தண்ணி ஊத்துங்க, தண்ணி இருக்குற வரைக்கும் கீழ் பாதி கொதிக்காது, அரிசி மேற்கொண்டு வேகாது. ஓவனை மேல் கம்பி மட்டும் எரியுற மாதிரி வெச்சு 220, 230 டிகிரில நல்லா சூடு பண்ணிட்டு, ட்ரேயை மேல் தட்டுல வைங்க. உங்களுக்கு நிறம் வராததுக்கு அனேகமா ரெண்டு கம்பியும் எரிய விட்டு நடுத்தட்டுல வெச்சதுதான் காரணம். 15லேர்ந்து 20 நிமிஷம், ஆனா கடைசி அஞ்சு நிமிஷம் கண்ணாடிகிட்டயே நில்லுங்க. முதல்ல ஆடை மெல்ல உப்பும், அங்கங்க கொப்புளம் கிளம்பும், அந்தக் கொப்புளத்தோட உச்சிதான் முதல்ல பழுப்பாகி அப்புறம் கருக்கும், பள்ளம் வெள்ளையாவே இருக்கும். மூணுல ஒரு பங்கு பழுப்பானதும் எடுத்துடுங்க. மண் கிண்ணமா இருந்தா ஓவனுக்கு ஆகுமான்னு வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

வாசனை விஷயத்துல அங்கயே சண்டை உண்டு. சிலர் வெனிலா பாக்கெட் பிரிச்சுப் போடுறாங்க, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, பிஸ்கட் கடை வாசம் வந்துடும். ஏஜியன் கடலோரப் பக்கம் தம்லா சகிஸின்னு கியோஸ் தீவுல விளையுற ஒரு மரப்பிசினை சர்க்கரையோட இடிச்சு ஒரு துளி போடுவாங்க, அது நல்லா இருக்கும், ஆனா கொஞ்சம் கூடினாலும் கசக்கும். ரோஜாப் பன்னீர் விடுறது பழைய வழக்கம். ஏலக்காய் மட்டும் போடாதீங்க, போட்டீங்கன்னா திரும்ப பாயசத்துக்கே வந்துட்டோம். பால் நல்ல பாலா இருந்தா ஒண்ணுமே வேண்டாம்ங்கறது என் கட்சி. ட்ராப்ஸோன்லேர்ந்து தெற்கே மாச்கா தாண்டி ஸிகானா கணவாய்க்கு ஏறுற வழில ஹம்ஸிகோய்னு ஒரு மலைக்கிராமம் இருக்கு, துருக்கி பூரா சுத்லாச்னா அந்த ஊர் பேரைத்தான் சொல்வாங்க, மலைமேல மேயுற மாட்டுப் பால்தான் அதுக்குக் காரணம்னு அவங்க பெருமை, மேல பொடிச்ச ஹேஸல்நட் தூவித் தருவாங்க, கருங்கடல் கரை பூரா அந்தத் தோப்புதானே. நம்ம ஊர்ல அது விலை அதிகம், வறுத்த முந்திரி போட்டா வேற ருசி ஆயிடும், போடாமலே சாப்பிடுங்க.

வெளிய எடுத்ததும் மூடி போடாதீங்க, ஆவி இறங்கி கருகின ஆடை நொசநொசன்னு ஆயிடும். முழுசா ஆறினப்புறம் ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு மணி நேரம், ரெண்டு மூணு நாள் வரைக்கும் தாங்கும். நட்ஸ் தூவுறதா இருந்தா சாப்பிடுற நேரத்துல தூவுங்க.

கமென்ட்ல ஒருத்தர் முட்டை மஞ்சக்கரு போட்டா சீக்கிரம் நிறம் வருமேன்னு கேட்டிருந்தார். வரும், மாவு கரைசலோட ஒரு மஞ்சக்கரு அடிச்சு ஊத்துறவங்க துருக்கிலயும் இருக்காங்க, வீட்டு ஓவன் சூடு பத்தாதப்ப உதவும். ஆனா பால் மஞ்சளாயிடும், லேசா கஸ்டர்ட் ருசி தட்டும். உங்க ஓவன்ல மேல் கம்பி தனியா எரியும்னா அது தேவையே இல்ல.