ஐந்தாம் பாகம் ஏமாற்றியது பற்றி

தம்பி, தேவகோட்டையில் ஆயா வீட்டுப் பெட்டியில் கிடைத்த, பத்திரிகைத் தொடரைச் சேர்த்துக் கட்டிய பழைய பைண்டுகளை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகம் ஏமாற்றிவிட்டது, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரென்றே தெளிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1954இல் தொடர் முடிந்தபோதே வாசகர்கள் இப்படிக் குறைப்பட்டுக் கடிதம் போட்டார்கள். கல்கி முடிவுரையில் பதில் எழுதி, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்றும் சொன்னார். உங்கள் பைண்டில் அது இருக்கிறதா பாருங்கள். கடைசித் தாள்தான் முதலில் கிழியும்.

நீங்கள் துப்பறியும் கதையாகப் படித்துவிட்டீர்கள் என்று படுகிறது. சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் சகோதரர்களையும் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. கல்கியோ அதை மங்கலாகவே விட்டுவிட்டார். ஐந்தாம் பாகத்தின் பெயரே 'தியாகச் சிகரம்'. கரிகாலனின் தம்பி அருள்மொழி முடியை விட்டுக்கொடுப்பதை நோக்கித்தான் எல்லாம் போகிறது. மூன்றரை வருஷம் வாரா வாரம் காத்திருந்தவர்களுக்கே அது போதவில்லை, உங்களைச் சொல்லி என்ன!

காரைக்குடி கம்பன் விழாவில் வாலி சாவான் என்று தெரிந்தேதான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அந்த மாதிரி, முடிவு தெரிந்த பிறகு ஐந்தாம் பாகத்தை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். பழுவூர் ராணி நந்தினி விஷயத்தில் மட்டும் எனக்கும் மனத்தாங்கல்தான்.